மெரினா வளர்ந்தது, ராயபுரம் கரைந்தது: சென்னைத் துறைமுகம் தரும் பாடம்

விடுமுறை நாளில் பிள்ளைகளை மெரினாவுக்கு அழைத்துச் செல்கிறோம். வண்டியை நிறுத்திவிட்டு மணலில் வெகுதூரம் நடந்த பிறகுதான் கால் தண்ணீரைத் தொடுகிறது. அதே நாளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் மணலே இல்லை. கொட்டி வைத்த கருங்கற்கள் மீது அலை மோதுகிறது. ஒரே நகரம், ஒரே கடல். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சென்னைத் துறைமுகம்தான் அதற்கான முக்கியக் காரணம்.

கடலுக்குள் கட்டிய சுவர்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஆங்கிலேயர் வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கப்பல்கள் ஆழத்தில்தான் நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தன. 1861-இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். புயல்கள் அதைச் சேதப்படுத்தின. பிறகு பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பத் தொடங்கின. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், ஒரு புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள்.

ஆனால் கிழக்கு நோக்கிய வாசலில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி, வடகிழக்கில் புதிய வாசல் திறக்க வழி செய்தார். இன்றைய துறைமுகத்தின் அடிப்படை அமைப்பு அவர் காலத்தது.

இந்தத் துறைமுகத்தால் நாமும் பயனடைந்தோம். நம் பாட்டனார்கள் பலர் ரஜுலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனது இங்கிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும்தான். மண்ணடியின் வணிகம் வளர்ந்ததும் துறைமுகத்தை ஒட்டித்தான்.

மணலின் பயணம்

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். வழியில் சுவர் நின்றால் மணல் சுவரின் தெற்கே தேங்கும். வடக்கே உள்ள கரைக்கு வர வேண்டிய மணல் வராது. அலையோ நிற்காது, இருக்கும் மணலையும் எடுத்துச் செல்லும்.

மெரினா அகன்றது இப்படித்தான். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தெருக்களையும் மீனவர் வீடுகளையும் கடல் கொண்டதும் இப்படித்தான். கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு அமைத்தார்கள். ஓரிடம் காப்பாற்றப்பட்டால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

மணல் மட்டுமல்ல, சுமையும் வடக்கேதான் நகர்கிறது. ராயபுரம் வீடுகளில் நிலக்கரித் தூசி படிகிறது என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது. 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகத்தைச் சுற்றி, ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை நெருக்கிக்கொண்டிருந்தன. அதற்கும் வடக்கே 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது.

அடுத்தது பழவேற்காடு

காட்டுப்பள்ளியை 6,000 ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வரைபடத்தைப் பாருங்கள்: காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அங்கே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அந்த ஊரில் நம் சமுதாயத்தினரும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ராயபுரத்துக்கு நடந்த கணக்கு அங்கே எப்படி மாறும்?

துறைமுகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேங்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கம் கொண்டு சேர்க்கும் முறை ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் 1986 முதல் நடைமுறையில் உள்ளது. வழி இருக்கிறது. அதற்கான செலவைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அதைக் கரையோரக் குடும்பங்கள் தங்கள் வீட்டால் கட்டுகின்றன.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கருத்துக்கேட்புக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். இது சட்டம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதைப் பார்வையிடலாம். நம் ஜமாஅத்துகளில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அதைப் படித்து, மீனவ சகோதரர்களோடு கூட்டத்தில் அமர்ந்து, ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்கட்டும்: "இந்தச் சுவரின் வடக்கே யார் வீடு இருக்கிறது?"