காய்ச்சல் வலிப்பும் முதுகு நீர்ச் சோதனையும்

“பிள்ளையின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும், கையொப்பமிடுங்கள்” என்று டாக்டர் கேட்கும்போது பதறாத தாய் இல்லை. “கால் விளங்காமல் போய்விடுமாம்” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டால், சில தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே புறப்பட்டு விடுகிறார்கள். இந்த அச்சம் எவ்வளவு நியாயமானது?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. உடம்பு முழுவதும் வெட்டி இழுத்து, பதினைந்து நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் வராவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது மூளையைக் கெடுப்பதில்லை. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிதான். ஓத விரும்புவோர் வாகனத்தில் போகும்போதே ஓதலாம்.

டாக்டர்கள் அஞ்சுவது வலிப்பை அல்ல, அதன் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய மூளைக்காய்ச்சலை. பெரிய பிள்ளைக்கு அந்நோய் வந்தால் கழுத்து விறைக்கும். கைக்குழந்தைக்கு அந்த அடையாளம் தெரியாமலே போகலாம். இதனால் 1996 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் தடவை இப்படி வலிப்பு வந்தால் முதுகு நீர் எடுப்பதைத் தீவிரமாக யோசிக்கும்படி சொல்லியிருந்தது. பிறகு தடுப்பூசிகள் பரவின. பொஸ்டன் நகரில் ஆறு முதல் பதினெட்டு மாதம் வரையான 704 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டார்கள். சாதாரண வலிப்போடு வந்த அவர்களில் ஒருவருக்கேனும் பக்டீரியா மூளைக்காய்ச்சல் இருக்கவில்லை. 2011 இல் சங்கம் தன் ஆலோசனையைத் தளர்த்தியது.

இன்று பிள்ளை வலிப்புக்குப் பின் நன்றாக விழித்து, பால் குடித்து, முகம் பார்த்துச் சிரித்தால் பெரும்பாலும் இந்த ஊசி தேவைப்படாது. உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, மயக்கம் தெளியாவிட்டாலோ அவசியம் யோசிப்பார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையென்றால் இன்னும் கவனம்.

இவை தவிர இரண்டு விடயங்களை உம்மாதான் சொல்ல வேண்டும். ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு ஹிப், நியுமோகொக்கஸ் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டனவா என்பது. இலங்கையில் ஹிப் மருந்தை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2008 இல் வந்து, இடையில் நிறுத்தப்பட்டு, 2010 இல் மீண்டும் தொடங்கியது. பிள்ளையின் ஊசிப் பதிவுப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள்.

மற்றது, முன்பே கொடுத்த அன்டிபயோட்டிக். பல்லேகமவை எண்ணிப் பாருங்கள். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் நீருக்குள் போய், புதிய லக்கல நகரம் எழுந்துவிட்டது. ஆனாலும் மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கு இலுக்கும்புர, ரத்தோட்டை வழியாகப் போவதென்றால் நக்கிள்ஸ் மலையைக் கடந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன் என்று, போன மாதம் மூத்தவனுக்குக் கொடுத்து மிஞ்சிய பாணி மருந்தைச் சின்னவனுக்கும் ஊற்றிவிடுவது நடக்கக்கூடியதே. அரைகுறை மருந்து நோயைக் குணப்படுத்தாமல் அடையாளங்களை மட்டும் மறைத்துவிடும். அப்படிக் கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், போத்தலையும் காட்டுங்கள். அதே சமயம், மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்துக் கிட்டிய ஆஸ்பத்திரி டாக்டரே ஊசி மருந்து ஏற்றி அனுப்பினால் அது சரியான வேலை. அந்நோய்க்குச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது.

இனிக் கால் விளங்காமல் போகும் கதை. முண்ணாண் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே, நீர் நிறைந்த பையில். 1891 இல் ஜெர்மனியின் குவிங்கே என்ற மருத்துவர் செய்து காட்டிய முறை இது. எடுப்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. உடம்பு சில மணி நேரத்தில் அதை ஊறச் செய்துவிடும். பிள்ளையைச் சுருட்டி இறுகப் பிடிப்பதாலும்தான் அந்த அழுகை. மூளையில் அழுத்தம் கூடியிருந்தால், அல்லது இரத்தம் உறையாத நோய் இருந்தால், டாக்டர்களே இதைத் தள்ளிப்போடுவார்கள். ஏன் எடுக்கிறீர்கள், எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. நீரிலுள்ள செல்களின் கணக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை வார்டில் தங்கத் துணிமணியோடு போவது நல்லது.