கணினிப் பெட்டிக்கும் காற்று வேண்டும்

பதுளை நகரில் போட்டோ பிரதி, டைப்செட்டிங், இணைய விண்ணப்பம் என்று சிறியதொரு கடை நடத்தி வருகிறேன். பசறை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருவோர் எனது வாடிக்கையாளர்களில் கணிசமானோர்.

ஒருநாள் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப ஒரு தாய் வந்தார். அதுவே இறுதித் தினம். அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். பாதி வேலையில் கணினி தானாக அணைந்தது. மீண்டும் இயக்கினேன், பத்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது. வேறு வழியின்றிப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைத்தேன். அவருடைய காரியம் முடிந்தது. ஆனால் அதன்பின் அவர் என் கடைப் படி ஏறவில்லை.

இரவு பெட்டியைத் திறந்து பார்த்தேன். தவறு என்னுடையதே. முகப்புக் கண்ணாடியையும் வண்ண விளக்கையும் பார்த்து நானே வாங்கிய கேசிங் அது. முன்பக்கம் காற்று நுழைய வழியில்லை. போதாக்குறைக்கு முன் விசிறியை மாற்றிப் பூட்டியிருந்தேன். அதுவும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. புரொசெசர் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

நம் மாகாணத்தவருக்கு இது புதிய பாடமல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தைப் பாருங்கள். வலைத்தட்டில் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்றைச் செலுத்துவார்கள். கொழுந்தை அளவுக்கு மீறிக் குவித்தால் காற்று ஊடுருவாது. விசிறி எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

"இது குளிர்ப் பிரதேசம்தானே" என்போர் உண்டு. பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும் உள்ளன. உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். பண்டாரவளையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைவு. அதே விசிறி அங்கே சற்றுக் குறைவான சூட்டையே அகற்றும். குளிர் இதை ஈடுசெய்யும்தான். ஆனால் காற்றுக்கு வழி இருந்தால் மட்டுமே.

எனவே கேசிங் கொள்வனவு செய்கையில் இவற்றைக் கவனியுங்கள். முகப்பு வலைபோல் துளையுள்ளதாகவும், கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி உடையதாகவும் இருக்கட்டும். முன்னால் 120 மில்லிமீற்றர் விசிறிகள் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் சாதாரணக் கடைப் பாவனைக்குப் போதும். உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசு நுழையாது. பொதுவாக விசிறியின் தாங்கும் சட்டம் உள்ள பக்கமாகவே காற்று வெளியேறும். சந்தேகமெனில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். பின்புறத் துவாரங்களைத் தகட்டால் மூடுங்கள். பல்லி நுழைந்தால் மதர்போர்டே போய்விடும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

நான் கேசிங்கை மாற்றிவிட்டேன். கணினி இப்போது நாள் முழுக்க ஓடுகிறது. விண்ணப்பக் காலம் வரும்முன் வடிகட்டியைக் கழுவிவிடுகிறேன். அந்தத் தாயைப் பஸ் நிலையத்தில் காணும்போது மட்டும் என் தலை தாழ்கிறது.