எந்த ஊர் ஆறு மணி?

புலம்பெயர்ந்த எமது வீடுகள் பலவற்றில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று இவ்விடத்து நேரம், மற்றது ஊர் நேரம். ஜேர்மனி, சுவிஸ், நோர்வே போன்ற நாடுகளில் இருக்கும் எமக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம், கோடையில் மூன்றரை மணித்தியாலம் வித்தியாசம். ரொறன்ரோவில் இருப்போருக்கு அது பத்தரையும் ஒன்பதரையும் ஆகும். இதை மனதில் கணக்குப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கிறோம். ஆனால் இதே கணக்கைக் கணனி பிழையாகப் போட்டால் என்ன நடக்கும்? சம்பளம் குறையலாம். பிள்ளையின் சாதகமே மாறலாம்.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, மாலை வகுப்பில் கணனி நிரல் எழுதப் பழகுகிறேன். அங்கு கற்றவற்றில் எம்மவர் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை இங்கே தருகிறேன்.

கணனியின் மணிக்கூடு

பெரும்பாலான கணனிகள் நேரத்தை ஒரு எண்ணாகவே வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1ஆம் திகதி நள்ளிரவில் இருந்து எத்தனை செக்கன் கழிந்தது என்பதே அந்த எண். அந்த நள்ளிரவு உலகப் பொது நேரத்துக்கு உரியது. ஆகவே யாழ்ப்பாணத்திலும் பாரிசிலும் ஒரே கணத்தில் அந்த எண் ஒன்றுதான். அதை ஒரு ஊரின் மணிக்கூட்டு நேரமாக மாற்றும் போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த மாற்றத்தை நிரல் எழுதுவோர் ஒவ்வொருவரும் தாமே செய்வதில்லை. ஆயத்தமாக உள்ள நிரல் நூலகங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை நம்பியிருப்பது உலக நேர வலயங்களின் ஒரே பட்டியலை. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களில் தொடங்கிய பட்டியல் அது. எந்த ஊரில் எந்த நாள் மணிக்கூட்டை முன்னே பின்னே தள்ளினார்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறது. இலங்கை முழுவதற்கும் அதில் ஒரே பெயர்: ஏசியா/கொழும்பு.

ஐந்தரை மட்டும் போதாது

"இலங்கை என்றால் உலக நேரத்தோடு ஐந்தரையைக் கூட்டு, அவ்வளவுதானே" என்று பலர் நினைப்பர். 1996 மே 25இல் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கியது. 2006 ஏப்பிரல் 15இல்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஏறக்குறைய பத்து வருடம் ஐந்தரை என்பது அரச நேரம் அல்ல.

அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாண வயது. 1999 மே 10ஆம் திகதி காலை 5.45க்கு யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் ஒரு பிள்ளை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். உலகப் பொது நேரத்தில் அது மே 9ஆம் திகதி இரவு 11.45. ஐந்தரை மட்டும் தெரிந்த சாதக நிரல் அதை மே 10, நள்ளிரவு கழிந்து 12.15 என்று எடுக்கும். அரை மணித்தியாலம் பிசகு. ஒரு இலக்கினம் நிற்பது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். ஆகவே நாலு பேரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். சாதகத்தில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, அதைச் சாட்டி ஒரு சம்பந்தம் குழம்பும் போது, குற்றம் கிரகத்திலா கணக்கிலா என்று பார்ப்பது நல்லது.

பட்டியலும் உதவாத இடம் ஒன்று உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே நடந்தது. 2000ஆம் ஆண்டு கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்குக் கொழும்புக் கணக்கைப் போட்டால் அதுவும் பிழை. இதைக் கணனி சொல்லாது. பெற்ற தாயிடம்தான் கேட்கவேண்டும்: "அது பழைய நேரமா, புதிய நேரமா?"

ஒக்ரோபர் இரவு

இரவு வேலை செய்வோர் கவனிக்க. ஐரோப்பாவில் ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அதிகாலை, எமது நாடுகளில் மூன்று மணி மீண்டும் இரண்டு மணி ஆகிறது. அன்று இரண்டரை மணி இரண்டு தரம் வரும். சனி இரவு பத்து மணிக்கு உள்ளே போய்க் காலை ஆறு மணிக்கு வெளியே வருபவர் ஒன்பது மணித்தியாலம் நின்றிருக்கிறார். அட்டையில் உள்ள நேரங்களை அப்படியே கழித்தால் எட்டு என்றுதான் வரும். மார்ச் கடைசி ஞாயிறு இதற்கு மாறாக ஏழுதான்.

நல்ல நூலகம் இருந்தாலும் கவனம் தேவை. பைதன் மொழியில் ஒரே வலயத்தின் இரு நேரங்களை நேரே கழித்தால் அது முள்ளைப் பார்த்து எட்டு என்றே விடை தரும். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால்தான் ஒன்பது வரும். வந்தது முதலாவது இரண்டரையா இரண்டாவதா என்பதைக் குறிக்கவும் அதில் தனி அடையாளம் உண்டு. முதலாவதற்கு 0, இரண்டாவதற்கு 1.

நாம் செய்யக்கூடியவை

நடந்து முடிந்த ஒன்றைப் பதியும் போது நேரத்தோடு ஊரின் பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகள் நிரல் எழுதினால், நடந்ததை உலகப் பொது நேரத்தில் வைத்து, வலயத்தின் பெயரையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். "5.30" என்ற எண் மட்டும் போதாது. வரப்போகும் திருவிழா, கூட்டம் என்றால் அந்த ஊர் நேரத்தையும் ஊரின் பெயரையும் வையுங்கள். அதற்கிடையில் அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றினாலும் மாற்றும்.

ஒக்ரோபர் இரவு வேலைக்குப் போனவர்கள் மாதக் கடைசியில் சம்பளத் துண்டை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் நின்று உழைத்தது.