படுவான்கரையின் பயிர்காவல் துவக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் பன்றி விரட்டப் பயன்படும் 12 போர் துவக்கு ரைபிள் அன்று. குழலின் உட்புறம் வழுவழுப்பானது. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக்கினால், அவற்றில் ஒன்றின் விட்டமே குழலின் அகலம்: ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

புதிதாக வாங்கியவர் மயங்குவது பளபளப்பில்தான். பார்க்க வேண்டியதோ குழலின் உள்ளே. துவக்கை முறித்துத் திறந்து, தோட்டா இல்லையென உறுதிசெய்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துருவும் நெளிவும் தெரிந்துவிடும். வாவிக்கரையின் உப்புக்காற்றில் எண்ணெய் காணாத இரும்பு விரைவில் கெடும். அடிக்கட்டை தோளில் இறுகப் பொருந்தாவிட்டால் பின்னுதைப்பு தோளைப் பதம்பார்க்கும். யானைக்கு இந்தத் துவக்கு உதவாது. சன்னங்கள் அதைப் புண்படுத்தி மூர்க்கமாக்கும், அவ்வளவே.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பொறியாகக் கட்டிவைக்கப்பட்டு வழிப்போக்கரையும் பலிகொள்ளும் கட்டுத்துவக்கோ முற்றிலும் சட்டவிரோதம்.