கார் ஷெட் வாங்குமுன் அதன் காலைப் பாருங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடல் வழியாகத்தான் போனது. ஆனாலும் குமரி மாவட்ட மலையோரத்தில் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்தன. பேச்சிப்பாறையில் ரெடிமேட் கார் ஷெட் வாங்குபவர் அந்த நாளை மனதில் வைத்துத்தான் விலை பேச வேண்டும். விற்பவர்கள் பேசுவதோ ஷீட்டின் நிறத்தைப் பற்றி!

நாலு பக்கமும் திறந்த கூரையைக் காற்று கீழே தள்ளுவது மட்டுமல்ல, மேலேயும் தூக்குகிறது. பக்கத்துத் திருவனந்தபுரத்துக்கு ஐஎஸ் 875 தரவிதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 10 அடிக்கு 18 அடி ஷெட்டின் மேல் ஒன்றரை டன் அளவுக்குத் தூக்கு விசை வரலாம். ஷெட்டின் சொந்த எடை சில நூறு கிலோதான். மீதியை மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் பிடித்து வைக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழியை நிரப்பும் கான்கிரீட் சுமார் 300 கிலோ. நாலு கால் என்றால் கணக்கு இழுபறி. ஆறு கால் வைத்தால் நிம்மதி. முற்றத்தில் கிடக்கும் மெல்லிய சிமென்ட் தளத்திலேயே ஆங்கர் போல்ட் அடித்துவிடலாம் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

கிட்டாக வரும் ரெடிமேட் ஷெட்டில் ஒரு நன்மை உண்டு. நட்டு போல்ட்டால் கோப்பதால் வெல்டிங் இல்லை. துத்தநாகப் பூச்சு கருகுவதில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் துரு முதலில் பிடிப்பது வெல்டிங் மூட்டில்தான். ஷீட் கனத்தைக் கேட்கும்போது, பெயின்ட்டையும் பூச்சையும் சேர்த்த அளவா, வெறும் இரும்பின் அளவா என்று கேளுங்கள். பேச்சு தடுமாறினால் விடை கிடைத்துவிட்டது.

சிக்கல் பெரும்பாலும் பொறுப்பு பிரியும் இடத்தில்தான் தொடங்குகிறது. கிட் ஒருவர் விற்கிறார், குழியை உள்ளூர்க் கொத்தனார் எடுக்கிறார், பூட்டுவது இன்னொருவர். கூரை பறந்தால் கம்பெனி அடித்தளத்தைக் குறை சொல்லும், கொத்தனார் பைப்பைக் குறை சொல்வார். ஆகவே முடிந்தவரை பொருள், அடித்தளம், பூட்டுதல் மூன்றையும் ஒரே பில்லில் வாங்குங்கள். பைப்பின் அளவு, கனம், எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது, வாரன்டி எதற்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பல வாரன்டிகள் நிறம் மங்குவதற்கு மட்டும்தான். ஷெட் நிற்பதற்கு அல்ல.

பில் இல்லாமல் விலை குறைக்கிறேன் என்றால் மயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. திரும்பக் கொடுக்கும் காலவரம்பைப் பில்லில் சொல்லாவிட்டால் அது 30 நாள். ஆன்லைனில் வாங்கினால் லாரியில் வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, உதிரிப் பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் கடமைப்பட்டவர்.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஷெட் விழுந்தால், அதை அகற்றுமுன் போல்ட், கால், குழி எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள், அதுதான் சாட்சி.

குமரி மாவட்டத்தின் மலைக் கிராமங்கள் பலவற்றில் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அட்வான்ஸ் கொடுக்குமுன் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். மேலே மின்கம்பி போனால் நீளமான பைப்பை நிமிர்த்துமுன் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். ரப்பர் மரம் ஒடிந்து ஷெட்டோடு காரையும் நசுக்கினால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குக் காருக்காக ஒரு காசும் வராது. முழுக் காப்பீட்டில் புயல் சேதம் அடங்கும்.