எண்ணெய் தொடாதவருக்கும் பித்தக் கல்!

“அப்பா எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட்டே பல வருடமாகிறது. சிரோசிஸ் நோயாளி. அவருக்கு எப்படிப் பித்தப்பையில் கல்? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்கிறதே வாட்ஸ்அப், உண்மையா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

பலகாரத்தின் மேல் பழி போட வேண்டாம். பரவலாகப் பேசப்படுவது கொலஸ்ட்ரால் கல். சிரோசிஸால் கல்லீரல் சுருங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கல் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் கறுப்பு நிறமிக் கல். அதன் மூலப்பொருள் கொழுப்பல்ல, செத்த ரத்தம்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சிரோசிஸில் வீங்கிப்போன மண்ணீரல், நாள் முடியுமுன்பே அணுக்களைப் பிடித்து உடைக்கிறது. உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து வரும் பிலிருபின் தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்துக் கரையவைத்துத்தான் பித்தநீரில் விடும். நொந்த கல்லீரலில் இந்த ஏற்பாடு குலைகிறது. கோக்கப்படாத பிலிருபின் பித்தநீரில் மிகுந்து, கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. இரண்டையும் படியவிடாமல் வைத்திருக்கும் பித்த உப்புகளின் உற்பத்தியும் குறைந்துவிடுகிறது.

படிவதற்கு இடம்? 30 முதல் 50 மில்லி கொள்ளும் பித்தப்பைதான். பந்தியில் சாம்பார் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தப்பை தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிச் சாம்பாரைக் கெட்டியாக்குகிறது. இலையில் நெய் விழுந்ததும், அதாவது கொழுப்பு சிறுகுடலை எட்டியதும், கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் வந்து “ஊற்று!” என்கிறது. நல்ல பரிமாறுபவர் அடிவரை கலக்கி ஊற்றுவார். சிரோசிஸ்காரரின் பரிமாறுபவரோ மந்தம். மேலாக மொண்டு ஊற்றிவிட்டுப் போகிறார். பருப்பு அதிகம், கலக்கல் குறைவு. அடியில் மண்டி தங்கி இறுகுகிறது. இதற்கு மேல் போனால் முருங்கைக்காய்க்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வரலாறு வேண்டுமென்றால்: 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையையே வெட்டி எடுத்தார். அன்றுமுதல் ‘கல்லா, எடு’ என்ற அவசரம் பலருக்கு. ஆனால் தொல்லை தராத கல்லைச் சிரோசிஸ் நோயாளியிடம் பொதுவாகச் சும்மா விடுகிறார்கள். ரத்தக்கசிவும் கல்லீரல் செயலிழப்பும் அறுவையின் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஸ்கேனில் ‘பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது’ என்று வந்தாலும் உடனே பதற வேண்டாம்; ஆல்புமின் குறைவாலும் போர்ட்டல் சிரையில் ஏறிய அழுத்தத்தாலும் அழற்சி இல்லாமலே சுவர் தடிக்கும்.

கொலஸ்ட்ரால் கல்லைக் கரைக்கத் தரும் உர்சோ மாத்திரை நிறமிக் கல்லைக் கரைக்காது. ஆலிவ் எண்ணெய் வைத்தியமோ இன்னும் வேடிக்கை. அதைக் குடித்த ஒருவரிடமிருந்து வெளியேறிய பச்சை உருண்டைகளைச் சோதித்த மருத்துவர்கள் 2005இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்: அவை கல்லல்ல, குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகித் திரண்டவை.

கல் இருப்பதாலேயே அவசரமில்லை. ஆனால் வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, குளிர்காய்ச்சல், திடீரென ஏறும் மஞ்சள் காமாலை: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கல்லீரல் மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள்.