பிழையில்லாத கடிதமா, யோசித்து எழுதிய கடிதமா?

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். 'தெருவில் ஒரு வாரமாகக் குடிநீர் வரவில்லை. யாருக்கு, என்ன எழுதுவீர்கள்?' என்று கேட்கிறார் ஆசிரியர். ஒரு மாணவி பிழையே இல்லாமல் ஒரு பக்கம் எழுதுகிறாள்; 'அதிகாரிகளின் அலட்சியம்' என்பதைத் தாண்டி அதில் சரக்கில்லை. இன்னொருத்தியின் கடிதத்தில் வினைச்சொற்கள் தடுமாறுகின்றன. ஆனால், பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்து, கோளாறு குழாயிலா மோட்டாரிலா என்று பிரித்துப் பார்த்திருக்கிறாள். நாம் திருத்தும் வழக்கப்படி முதலாமவளுக்கே மதிப்பெண் கூடும்.

சிக்கல்வழிக் கற்றல் என்பது என்ன?

பாடம் முடிந்தபின் கேள்வி கேட்காமல், தண்ணீர் வராத தெருவைப் போன்ற ஒரு சிக்கலை முதலில் கொடுத்துவிடுவது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் 1969-ல் தொடங்கிய இம்முறை, பிறகு மொழி வகுப்புக்கும் வந்தது. தீர்வு தேடிப் பேசி, படித்து, எழுதும்போதே மொழியும் படிந்துவிடும்.

சிந்தனையில் எதை அளப்பது?

பீட்டர் ஃபசியோன் தலைமையில் 46 வல்லுநர்கள் கூடி 1990-ல் விமர்சனச் சிந்தனைக்குரிய ஆறு திறன்களைப் பட்டியலிட்டனர்: பொருள் கொள்ளல், பகுத்தாய்தல், மதிப்பிடல், ஊகித்தறிதல், விளக்குதல், தன் சிந்தனையைத் தானே சரிபார்த்தல்.

எப்படி அளப்பது?

ராபர்ட் என்னிஸ், எரிக் வெயர் இருவரும் 1985-ல் வெளியிட்ட கட்டுரைத் தேர்வு நல்ல முன்மாதிரி. இரவில் தெருவில் வாகனம் நிறுத்தத் தடை கேட்டு, பத்திரிகை ஆசிரியருக்கு ஒருவர் எழுதிய கடிதம் தரப்படும். அதில் எட்டுப் பத்திகள். ஒவ்வொன்றின் வாதமும் தேறுமா என்று பத்தி பத்தியாக எடைபோட்டு, ஒன்பதாவது பத்தியில் மொத்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டும். தவறாக எடைபோட்டால் மதிப்பெண் பூஜ்யத்துக்கும் கீழே போகும். மொத்த அளவே -9 முதல் +29 வரை. வழவழப்பான நடையால் இங்கே தப்பிக்க முடியாது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. குழு விவாதத்தில் யார் ஆதாரம் கேட்டார், யார் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று குறித்துக்கொள்ளலாம். முதல் வரைவையும் கடைசி வரைவையும் ஒப்பிடலாம். இரண்டாம் மொழி தடுக்கும் இடத்தில், விவாதத்தைத் தாய்மொழியில் நடத்த விடலாம்.

எல்லாவற்றுக்கும் முன், விடைத்தாளில் சிவப்பு மையால் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: ஒன்று மொழிக்கு, மற்றொன்று யோசனைக்கு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால், குழாயை விசாரித்த மாணவி தோற்றுப்போவாள்.